குடாவின் மேலே மட்டும் நின்ற எஞ்சின்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்கள் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் இருக்கும். வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுவீர்கள். உங்களுக்காக நானே கேட்கிறேன்: ஒற்றை எஞ்சின் விமானம் எதனால் விழுகிறது?

பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெற்றோல் தீர்ந்து விழுகிறது. பெற்றோலில் தண்ணீர் கலந்து விழுகிறது. இன்னும் ஒரு மூட்டைதானே என்று ஏற்றி விழுகிறது. பொழுதுபடுமுன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், முகிலுக்குள் பறக்கப் பழகாதவர் முகிலுக்குள் நுழைந்து விழுகிறது. எழும்பிய கையோடு எஞ்சின் நின்றால் எதிரே தெரிகிற இடத்தில் இறக்கு என்று தலையில் அடித்துச் சொன்னாலும், ஓடுபாதைக்கே திரும்பப் பார்த்து அந்தத் திருப்பத்திலேயே விழுகிறது. எந்த நாட்டு விபத்துக் கதையை எடுத்தாலும் இவற்றில் ஒன்றுதான் வரும். புது விதமாக விழ ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்களுக்கே ஒருமுறை குளவியால் விபத்து வரவிருந்தது. வேகம் காட்டும் கருவிக்குக் காற்றுப் போகிற சின்னக் குழாய் இறக்கைக்குக் கீழே இருக்கிறது அல்லவா? அதற்கு உறை போட மறந்த ஒரு பகலுக்குள் குளவி மண் கொண்டுவந்து வீடு கட்டிவிட்டது. விமானம் ஓடுகிறது, முள் அசையவில்லை. நல்லவேளையாக எங்கள் விமானி கப்டன் தரையிலேயே பிரேக் போட்டார். அந்தக் குளவியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வேலையில் கெட்டிக்காரி, நாங்கள்தான் இல்லை.

இவையெல்லாம் நல்ல பழுதுகள். ஏன் நல்லவை என்றால், மண்ணையோ தண்ணீரையோ வெற்றுத் தாங்கியையோ விட்டுப் போகின்றன. கையில் எடுத்துக் காட்டலாம். ஒன்றையும் விட்டுப் போகாத பழுது ஒன்று உண்டு. சண்டைக் காலத்தில் திருகோணமலையில் அது எங்களைப் பிடித்தது. அப்போது தடயமாகக் காட்ட வேறெதுவும் இல்லாமல் ஒரு மனிதனைக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

எங்கள் கம்பனி சிறியது. விமானம் ஒன்று, விமானி ஒருவர், எஞ்சினைப் பார்க்க நான், எண்ணெய் பெற்றோல் வேலைக்கு வேலாயுதம். தம்பலகாமத்தைத் தாண்டிக் கண்டி வீதி அடிக்கடி மூடிக்கிடந்த காலம் அது. மருந்து, இரத்தம், வைத்தியர்கள், சில வேளை ஒரு பிரேதப் பெட்டி என்று கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் பறந்துகொண்டிருந்தோம். விமானி கப்டன் ஜமால், கிண்ணியாவில் பிறந்து கொழும்பில் படித்தவர். வேலாயுதம் ஈச்சிலம்பற்றுக்காரர். மனைவியும் பிள்ளைகளும் அங்கே, கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். இவர் மட்டும் பட்டினத்தில் ஓர் அறை எடுத்திருந்தார். பெற்றோல் பீப்பாயான பரலிலிருந்து கைப்பம்பால் இறைத்து, தண்ணீரைப் பிடிக்கிற தோல் வடியில் வடித்துத்தான் ஊற்றுவார். பரலின் அடியில் கிடக்கும் கடைசிப் பெற்றோலை ஒருநாளும் விமானத்துக்குத் தரமாட்டார்.

திருகோணமலை ஓடுபாதையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டையும் சண்டைதான் கொண்டுவந்தது. ஒன்று, தாழப் பறந்து வரக்கூடாது. காட்டுக்குள் யார் துவக்கோடு இருக்கிறார் என்று தெரியாது. ஆகவே உயரத்திலேயே கடலின் மேல் வந்து, கொட்டியாரக் குடாவுக்கு நேர் மேலே திறொட்டிலை மூடி எஞ்சின் விசையை முற்றாகக் குறைத்துவிட்டு, வட்டமிட்டு வட்டமிட்டுச் சத்தமில்லாமல் கப்டன் இறங்குவார். இரண்டாவது, விமானம் தரையில் நின்றதும் காவலர்கள் வந்து சோதித்து முடிக்கும்வரை வேறு எவரும் அதன் கிட்டப் போகக்கூடாது. அவர்கள் வந்து, நாய் வந்து, மோப்பம் பிடித்து முடிய அரை மணித்தியாலம் ஆகும். நான் அதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் கப்டன் ஜமால் வெளிறிய முகத்தோடு வந்து இறங்கினார்.

"எஞ்சின் நிண்டுட்டு," என்றார். "கீழ வந்து திறொட்டிலைத் திறக்கிறேன், உயிர் இல்ல. வெடிச் சத்தமும் இல்ல, உதறலும் இல்ல. யாரோ வாயில கைய வச்சுப் பொத்தின மாதிரி அடங்கிட்டு."

மிதந்தே வந்து ஓடுபாதையைப் பிடித்திருந்தார். காவலர் சோதனை முடிந்ததும் நான் எஞ்சினைத் திறந்தேன். ஒரு குறையும் இல்லை. இயக்கினேன், முதல் தட்டிலேயே பாடியது. பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தேன், துளித் தண்ணீர் இல்லை. பிளக்குகள் சுத்தம். எண்ணெய் சுத்தம்.

சில நாள் கழித்து மறுபடியும் அதே இடம். இந்த முறை உள்ளே ஒரு வைத்தியர் இருந்தார். சில்லுகள் ஓடுபாதைக்கு முன்னால் உள்ள சேற்றில் உரசி, எப்படியோ ஏறி வந்துவிட்டார்கள். மறுபடியும் நான் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். மறுபடியும் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால், பழுதைக் கண்டால் எனக்குப் பயமில்லை. பழுதில்லாத அந்த எஞ்சினைப் பார்த்துத்தான் பயந்தேன்.

குடாவில் வலை போடுகிறவர்களிடம் ஒரு கதை இருந்தது. பழைய பெரிய யுத்தத்தில் விழுந்த விமானம் ஒன்று அந்த இடத்தில் அடியில் கிடக்கிறதாம். வலை அதில் சிக்கினால் அறுத்துவிட்டு வந்துவிடுவார்கள், இழுக்க மாட்டார்கள். அது துணை தேடுகிறது என்று துறைமுகத்தில் கதை பரவியது. கப்டன் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை தண்ணீருக்கு அடியில் ஒரு நிழலைக் கண்டதாக என்னிடம் மட்டும் சொன்னார். தன்னுடைய விமானத்தின் நிழல் ஓடியதாம், அது ஓடாமல் கிடந்ததாம்.

ஓடுபாதைக் காவலர்களுக்குப் பொறுப்பாக இருந்த பாதுகாப்பு அதிகாரிக்குப் பேய்க் கதையில் நம்பிக்கை இல்லை. அவர் வேலாயுதத்தைக் கூட்டிக்கொண்டு போய் அடைத்தார்.

நான் அந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். கதிரை தந்து, தேநீர் தந்து மரியாதையாகத்தான் கதைத்தார். கதைத்தது சிங்களத்தில், நான் தமிழில் சொல்கிறேன்.

"எஞ்சினில் என்ன கண்டுபிடித்தீர்கள்?"

"ஒன்றும் இல்லை."

"அப்படியானால் பிழை இயந்திரத்தில் இல்லை. பெற்றோல் ஊற்றுகிறவர் எந்த ஊர்? ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம். அங்கே யாருடைய ஆட்சி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். நாளை பின்னேரம் அவரைக் கொழும்புக்கு அனுப்புகிறேன்."

கொழும்புக்கு அனுப்புவது என்றால் என்ன என்று அந்த நாட்களில் ஒருவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சிலர் திரும்பி வந்தார்கள். நாளைக் காலை நானும் கப்டனும் மேலே போய்ப் பார்க்கிறோம், அதுவரை பொறுங்கள் என்று கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார்.

"நல்லது. என்னுடைய ஆட்கள் பெற்றோல் ஊற்றுவார்கள். எஞ்சின் நன்றாக ஓடினால் எனக்கும் விடை கிடைத்துவிடும்."

வாசலுக்கு வந்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. வேலாயுதத்தின் கை படாத பெற்றோலில் எஞ்சின் ஓடிவிட்டால் குற்றவாளி வேலாயுதம். அவர் பிழைக்க வேண்டுமென்றால் எஞ்சின் நிற்க வேண்டும். நாங்கள் உள்ளே இருக்கும்போது நிற்க வேண்டும்.

கொட்டகைக்கு வந்து, கையில் இருந்த கிறீஸைப் பெற்றோலில் கழுவினேன். கை சில்லென்றது. தினமும் சில்லென்பதுதான். அன்று கையைத் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. பெற்றோலும் காற்றும் கலக்கிற காபரேற்றருக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. விசையைக் குறைத்து, மூச்சுவிடும் வழியை ஒடுக்கி, மழைக்காலக் கடல் ஈரம் முழுவதையும் அதற்குள் இழுத்துக்கொண்டு, வட்டமிட்டு வட்டமிட்டு நெடுநேரம் இறங்கினால்?

அந்த ஈரம் உள்ளே உறைந்துவிடும். எஞ்சினின் தொண்டையை ஐஸ் அடைக்கும். தரையில் இறங்கி அரை மணித்தியாலம் நாய் மோப்பம் பிடிக்கும்போது, எஞ்சின் சூட்டில் உருகி, வழிந்து, காய்ந்துவிடும். நான் மூடியைத் திறக்கும்போது அது அங்கே இருக்காது.

இது புத்தகத்தில் இருக்கிற விடயம்தான். அதற்காகவே விமானி முன்னால் ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்தால் புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்று காபரேற்றருக்குப் போகும். ஆனால் அது குளிர்நாட்டு வியாதி என்று நினைத்து எங்கள் பக்கத்தில் அந்தக் குமிழை ஒருவரும் தொடுவதில்லை. தொட்டால் எஞ்சினின் பலம் கொஞ்சம் குறையும், தூசியும் உள்ளே போகும். கப்டனிடம் சொன்னபோது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வெயில்ல ஐஸா? குடிக்கிறதுக்கே இந்த ஊர்ல ஐஸ் கிடைக்கல."

"நம்ப வேண்டாம். நாளைக்கு நீங்கள் எப்பவும் இறங்கிற மாதிரியே இறங்குங்கோ. அது போதும்."

காலையில் மழை தூறி விட்டிருந்தது. வெயில் ஏற ஏறக் குடாவின் மேல் புழுக்கம் எழும்பியது. அதிகாரியிடம் ஒன்று மட்டும் கேட்டேன். நாங்கள் இறங்கியவுடன் அவரே கிட்ட வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சோதனை முடியாமல் எவரும் கிட்டப் போவதில்லை, அது தனக்கும் சேர்த்துத்தான் என்றார். அவருடைய ஆட்கள் பெற்றோல் ஊற்றினார்கள். நாங்கள் எழும்பினோம்.

முதல் இறக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பாதி உயரத்தில் கப்டன் திறொட்டிலைத் திறந்தார், எஞ்சின் சிங்கக்குட்டியாக எழும்பியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொருக்கா ஏறுங்கோ," என்றேன்.

"என்ன கதைக்கிறீங்க? நல்லா ஓடுதே!"

"அதுதான் பிரச்சினை. இந்த முறை இடையில திறக்க வேண்டாம். முழு வட்டமும் குறைச்சபடியே வாங்கோ. கடலை விட்டு விலகவும் வேண்டாம்."

மறுபடி ஏறினோம். குடாவின் மேல் விசையைக் குறைத்தார். அதற்குப் பிறகு காற்றின் சத்தம் மட்டும். முன் விசிறி சும்மா சுழன்றுகொண்டிருந்தது. கீழே தண்ணீர் பச்சையாக, அசைவில்லாமல் இருந்தது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம், இன்னொன்று. எங்கள் நிழல் தண்ணீரில் எங்களோடு கூட வந்தது. குடாவின் வாயருகே திரும்பியபோது நானும் அதைக் கண்டேன். தண்ணீருக்கு அடியில், சிலுவை போல, கருமையாக ஒன்று. எங்கள் நிழல் அதன் மேலாக ஓடிப் போனது. அது அங்கேயே கிடந்தது. பாறையோ, பாசியோ, வலைக்காரர் சொன்ன விமானமோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இப்ப திறக்கிறேன்," என்றார் கப்டன்.

திறந்தார். எஞ்சின் ஒருமுறை தலையைத் தூக்கியது. பிறகு இறங்கியது. உதறல் இல்லை, சத்தம் இல்லை. சுற்று எண்ணிக்கை காட்டும் முள் மெல்ல மெல்லக் கீழே போனது. நித்திரைக்குப் போகிறவர் போலப் போனது.

கப்டனின் கை சூட்டுக் குமிழுக்குப் போனது. நான் அதற்கு முன் என் கையை அதன் மேல் வைத்துவிட்டேன்.

"இழுத்தா ஐஸ் உருகிடுமா?" என்று கேட்டார்.

"உருகிடும். எஞ்சினும் எழும்பிடும்."

"அப்ப கீழ போய் அவருக்கு என்ன காட்டுவீங்க?"

"ஒண்டும் இல்லை."

உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். என் கை குமிழில் இருந்தது, ஆனால் விமானம் அவருடையது. எனக்கு உரிமை இல்லாத ஒன்றை நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் வாயைத் திறக்காமல். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடுபாதையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், உயரம் காட்டும் முள்ளைப் பார்த்தார். அவசரப்படவில்லை. அந்தச் சில நொடியில் அவர் வேலாயுதத்தைப் பற்றி யோசித்திருப்பார் என்று நீங்கள் நினைத்தால் பிழை. தூரத்தையும் உயரத்தையும் மட்டும்தான் யோசித்தார். எட்டாது என்று கண்டிருந்தால் என் கையை முறித்துவிட்டு இழுத்திருப்பார், அதுதான் சரியும்கூட.

"எட்டும்," என்றார். "கையை எடுங்க. நான் தொடமாட்டேன்."

விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகத்தைக் காப்பாற்றி, நேரே கொண்டுபோனார். சேறு எங்களுக்குக் கீழே மிக அருகில் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சில்லு தாரில் அடித்தது. ஓடுபாதையின் நடுவில் விமானம் தானாக நின்றது, விசிறியும் நின்றது.

நான் கதவைத் திறந்து குதித்து, முன்னால் போய் எஞ்சின் மூடியை உயர்த்தினேன். வேலியோரத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். விலகு, கையைத் தூக்கு என்று சிங்களத்தில் கத்தினார்கள். துவக்கு என் முதுகுக்கு நேரே இருந்தது என்று கப்டன் பிறகு சொன்னார். எனக்குக் கேட்டது, ஆனால் கை நிற்கவில்லை. காற்றுப் பெட்டியின் பிடியை இளக்கிக் கழற்றி நிலத்தில் போட்டேன். அதற்குப் பிறகுதான் இரண்டு கையையும் தூக்கினேன்.

"மாத்தயா! ஐயா!" என்று அதிகாரியைப் பார்த்துக் கூவினேன். "உருகுகிறது! இப்போதே வந்து பாருங்கள்!"

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் வைத்த சட்டத்தை, அவருடைய ஆட்களின் முன்னால், அவரே மீற வேண்டும். துவக்குப் பிடித்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். காபரேற்றரிலிருந்து முதல் துளி விழுந்தது. எத்தனை நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது நீளமாக இருந்தது. பிறகு நடந்து வந்தார், ஓடவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். மத்தியான வெயிலில், கை வைக்க முடியாமல் கொதிக்கிற எஞ்சினுக்கு அடியில், அந்தத் தொண்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. விரலை உள்ளே விட்டார். சட்டென்று வெளியே எடுத்தார்.

விரல் நுனியில் ஐஸ் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அது தண்ணீராகி மணிக்கட்டுக்கு வழியும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் பயம் தெரிந்தது. பிசாசைக் கண்டிருந்தால்கூட அந்த மனிதர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். ஒரு குற்றமும் செய்யாத ஒருவரைக் கொழும்புக்கு அனுப்ப இருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அவரை விடச் சொல்லுங்கள்," என்று தன் ஆளிடம் சொன்னார்.

இதைக் கேட்டுவிட்டு நீங்களும் குமிழைத் தொடாமல் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தால், உங்களை வேலைக்கு எடுத்தவர்களைத்தான் நான் திட்டுவேன். விசையைக் குறைக்கும் முன்னரே குமிழை இழுங்கள், வெயில் அடித்தாலும் இழுங்கள். ஐஸ் அடைத்த பிறகு இழுத்தால் உருகின தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக உதறும். பயந்து திரும்பத் தள்ளிவிடாதீர்கள். அந்த உதறல் நல்லதுக்குத்தான். பழுது ஒன்றும் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்கும்போது, அதை வாசிக்கிறவர் அந்த வெற்றிடத்தில் யாருடைய பெயரை எழுதப் போகிறார் என்று ஒருமுறை யோசியுங்கள்.

பின்னேரம் வேலாயுதத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்கு வந்தோம். கப்டன் ஓட்டினார், நான் பக்கத்தில், வேலாயுதம் பின்னால். சட்டையின் பொத்தான்கள் இல்லை. முகத்தில் அடி தெரியவில்லை, ஆனால் இருக்கையில் சாயாமல் முன்னால் வளைந்தபடி இருந்தார். நான் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். வழியில் திடீரென்று அவர் அழத் தொடங்கினார்.

"அண்ணை, காவலுக்கு நிண்டவன் சொன்னவன். எஞ்சின் நல்லா ஓடினால் எனக்கு இண்டைக்குக் கொழும்புப் பயணமாம். நீங்கள் மேல போற சத்தம் எனக்குக் கேட்டது. முதல் தரம் சத்தம் திரும்ப வந்தது. அப்ப நான் போனன் எண்டு நினைச்சன்."

"விடும், வேலாயுதம். முடிஞ்சுது."

"இல்லை அண்ணை, கேளுங்கோ. நிக்கட்டும் எண்டு கும்பிட்டனான். நீங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்க இருக்கிறியள் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கும்பிட்டனான். வெருகல் முருகா, நிப்பாட்டு, நிப்பாட்டு எண்டு. பிறகு நிண்டுட்டுது. ஒரு சத்தமும் இல்லை. நான் என்ன செய்துபோட்டன் எண்டு அப்பதான்..."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நானும் அதைத்தான் கும்பிட்டனான், வேலாயுதம். உள்ளுக்க இருந்துகொண்டு."

கப்டன் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் மட்டும்தான் ஓடச் சொல்லிக் கேட்டேன்," என்றார். "ரெண்டு பேருக்கு எதிரா ஒருத்தன். எப்பிடி வெல்றது?"

சிரிக்கப் பார்த்தார், அது சரியாக வரவில்லை. வேலாயுதம் பின்னாலிருந்து கையை நீட்டி அவருடைய தோளில் வைத்தார். பட்டினத்தில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நான் இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.